முன்தேதியிட்ட வரிச் சட்டத்தை நீக்க வைப்பது எப்படி?

முன்தேதியிட்ட வரிச் சட்டம் இன்று இயற்றப்பட்டு, என்றோ முடிந்துபோன கொடுக்கல் வாங்கலுக்கும் வரி கேட்கிறது. இந்தியாவில் இதற்குத் தடை இல்லை. செய்த காலத்தில் குற்றமாக இல்லாத செயலுக்குப் பிற்பாடு தண்டனை விதிக்கக் கூடாது என்கிறது அரசமைப்பின் 20(1) பிரிவு. அந்தப் பாதுகாப்பு தண்டனைக்கு மட்டும்தான், வரிக்குக் கிடையாது. வரி போட அதிகாரம் உள்ள அவைக்கு அதை முன்தேதியிட்டுப் போடவும் அதிகாரம் உண்டு என்பது 1960-களிலேயே உச்ச நீதிமன்றத்தில் முடிவான சங்கதி. பேருந்து, லாரிகளில் செல்லும் பயணிகள், சரக்குகள் மீது பீகார் அரசு 1961-ல் கொண்டுவந்த வரிச் சட்டம் 1950 ஏப்ரல் 1 முதலே அமலில் இருந்ததாகச் சொன்னது. 1963-ல் நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. ஆகவே இத்தகைய சட்டத்தை எதிர்ப்பவர்கள் வழக்கை மட்டும் நம்பி இருக்க முடியாது. இயற்றியவர்களையே திருத்த வைப்பதுதான் பெரும்பாலும் பலித்திருக்கிறது.

2012-ல் வந்து 2021-ல் போன வருமான வரித் திருத்தம் இதற்குப் பெரிய சான்று. 2007-ல் வோடஃபோன் நிறுவனம் ஹட்சிசன் எஸ்ஸாரின் 67 சதவீதப் பங்கைச் சுமார் 1,100 கோடி டாலருக்கு வாங்கியது. கைமாறியது கேமன் தீவுகளில் பதிவான ஒரு நிறுவனத்தின் பங்கு. சொத்து இந்தியாவில் இருப்பதால் வரி உண்டு என்று வருமான வரித் துறை சுமார் 11,000 கோடி ரூபாய் கேட்டது. 2012 ஜனவரி 20-ல் உச்ச நீதிமன்றம் வரி கிடையாது என்றது. இரண்டு மாதம் கூட ஆகவில்லை. மார்ச் 16 அன்று தாக்கலான பட்ஜெட்டில் அன்றைய நிதி அமைச்சர் பிரணாப் முகர்ஜி சட்டத்தையே 1962 ஏப்ரல் 1 முதல் செல்லுமாறு திருத்தினார். அதை நீக்க ஒன்பது ஆண்டுகள் பிடித்தன.

சட்டத்தின் வகையை அறிதல்

முதல் வேலை, திருத்தத்தின் மூல வாசகத்தை வரிவரியாகப் படிப்பது. செய்தித்தாள் சுருக்கம் போதாது. முன்தேதி மூன்று வேடங்களில் வரும். புதிய வரியைப் பழைய தேதியிலிருந்து போடுவது ஒன்று. நீதிமன்றத்தில் அரசு தோற்றபின், ‘எந்தத் தீர்ப்பு எப்படி இருந்தாலும் வசூலித்தது செல்லும்’ என்று சொல்லும் செல்லுபடியாக்கும் சட்டம் இன்னொன்று. மூன்றாவதும் தந்திரமானதும், ‘ஐயம் நீக்கும் பொருட்டு’ என்று தொடங்கும் விளக்கம். புதிதாக எதையும் போடவில்லை, முதலிலிருந்தே இதுதான் பொருள் என்று அது சாதிக்கும். 2012 திருத்தத்தில் விளக்கமும் இருந்தது, செல்லுபடியாக்கும் பிரிவும் இருந்தது.

அண்மைக் காலத்து உதாரணம் ஜிஎஸ்டியில் இருக்கிறது. வாடகைக்கு விடக் கட்டும் வணிக வளாகத்துக்கு உள்ளீட்டு வரி வரவு (கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் உரிமை) உண்டா என்ற வழக்கில், சட்டத்தில் இருந்த ‘ஆலை அல்லது இயந்திரம்’ என்ற சொற்றொடரை வைத்து 2024 அக்டோபர் 3-ல் உச்ச நீதிமன்றம் கட்டட உரிமையாளர்களுக்கு ஒரு வழி திறந்துவிட்டது. 2025-ன் நிதிச் சட்டம் ‘அல்லது’ என்பதை ‘மற்றும்’ என்று மாற்றி, அந்த மாற்றம் 2017 ஜூலை 1 முதலே இருந்ததாக்கியது. ஒற்றைச் சொல்லில் எட்டு ஆண்டுக் கணக்கு மாறியது.

எந்த வகை என்பதைப் பொறுத்து வாதம் மாறும். விளக்கம் என்ற பெயரில் புதிய சுமை ஏற்றப்பட்டிருந்தால், முன்பு துறையே வேறு பொருள் கொண்டிருந்ததைக் காட்டும் பழைய சுற்றறிக்கைகள், மதிப்பீட்டு ஆணைகள் ஆகியவற்றைத் தேடி எடுப்பது முக்கியம். அவற்றைவிடப் பலமான ஆவணம் கிடைக்காது.

சொந்த வழக்கைக் காப்பது

எதிர்ப்பு இயக்கம் நடக்கிறது என்பதற்காக மேல்முறையீட்டுக் காலக்கெடு நிற்காது. வருமான வரி ஆணைக்கு எதிரான முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள், ஜிஎஸ்டி ஆணைக்கு மூன்று மாதம். ஜிஎஸ்டியில் முறையீடு செய்யவே தகராறில் உள்ள வரியில் 10 சதவீதம் கட்ட வேண்டும். வருமான வரியில் வசூலை நிறுத்திவைக்கக் கேட்டால், 2017-ன் துறை உத்தரவுப்படி பொதுவாக 20 சதவீதம் கட்டச் சொல்வார்கள். கட்டும் பணத்தை எதிர்ப்புத் தெரிவித்தே கட்டுவதாக எழுத்தில் பதிவு செய்வது நல்லது. முறையீடு செய்யாமல் விட்டவரின் ஆணை இறுதியாகிவிடும். பிறகு சட்டமே மாறினாலும் பலன் அவருக்கு எட்டாமல் போகக்கூடும். சங்கத் தலைவர்கள் கூட்டத்தின் தொடக்கத்திலேயே இதைச் சொல்லிவிட வேண்டும். ஆடிட்டர் பார்த்துக்கொள்வார் என்று இருந்து கெட்டவர்கள் அநேகம்.

ஆட்களையும் எண்களையும் திரட்டுவது

பாதிக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், மொத்தக் கோரிக்கை எவ்வளவு, அதில் வசூலானது எவ்வளவு ஆகிய மூன்று எண்கள் இல்லாமல் எந்த அமைச்சரையும் பார்ப்பதில் பயனில்லை. தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் மனுப் போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். தனிநபர் விவரம் கேட்டால் மறுப்பார்கள். நோட்டீஸ்களின் எண்ணிக்கை, மொத்தத் தொகை என்று கேட்டால் மறுப்பது கடினம். நாடாளுமன்றக் கேள்வி மூலமும் இவற்றைப் பெறலாம். உறுப்பினர் 15 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்பதால் கூட்டத்தொடர் தேதியைப் பார்த்து முன்கூட்டியே அணுக வேண்டும். எண்கள் ஏன் முக்கியம் என்பதற்கு 2021-ஐப் பார்க்கலாம். ஒன்பது ஆண்டு சர்ச்சைக்குப் பின் தெரியவந்தது, வரி கேட்கப்பட்டதே 17 வழக்குகளில். பணம் வசூலானது நான்கில், சுமார் 8,100 கோடி ரூபாய். கெட்ட பெயரோடு ஒப்பிட்டால் சிறிய தொகை.

உறுப்பினர்களிடம் விவரம் வாங்கும்போது பணம் கட்டியவர், கட்டாதவர் என்று தனித்தனியாகப் பட்டியலிடுவது அவசியம். இரு சாராரின் நலனும் ஒன்றல்ல. கட்டாதவருக்குச் சட்டம் நீங்கினால் போதும். கட்டியவருக்குப் பணம் திரும்ப வேண்டும். பல இயக்கங்கள் உடைவது இந்த இடத்தில்தான்.

கோரிக்கையை வகுப்பது

‘கருப்புச் சட்டத்தை ரத்து செய்’ என்பது கோஷம். அதை அதிகாரி கோப்பில் ஏற்ற முடியாது. எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் எந்தச் சொற்கள் நீங்க வேண்டும், எந்தத் தேதிக்கு முந்தைய பரிவர்த்தனைகள் விலக வேண்டும் என்று திருத்த வாசகத்தையே எழுதித் தருவது உத்தமம். 2021-ல் அரசு ஒரு தேதிக் கோடு போட்டுத்தான் வெளியே வந்தது: 2012 மே 28-க்கு, அதாவது நிதி மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்த நாளுக்கு, முந்தைய பரிவர்த்தனைகளுக்கு வரி இல்லை. பிற்காலத்துக்கு வரி அப்படியே இருக்கிறது. அரசுக்கும் முகம் காத்துக்கொள்ள இடம் கிடைத்தது.

முழு நீக்கம் கிடைக்காவிட்டால் அடுத்த நிலைகள் என்ன என்பதையும் உள்ளுக்குள் முடிவு செய்துகொள்ள வேண்டும். வரி இருக்கட்டும், வட்டியும் அபராதமும் வேண்டாம் என்பது ஒரு நிலை. 2012-லேயே பார்த்தசாரதி ஷோம் குழு, முன்தேதியிட்டே தீர வேண்டுமென்றால் குறைந்தபட்சம் அதையாவது செய்யுங்கள் என்றது. தவணை இன்னொரு நிலை. கனிமங்கள் மீது மாநிலங்கள் வரி போடலாம் என்ற 2024 ஜூலைத் தீர்ப்பைத் தொடர்ந்து, 2005 ஏப்ரல் 1 முதலான நிலுவையை 2026 ஏப்ரல் முதல் 12 ஆண்டுத் தவணைகளில் வசூலிக்க ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. பழைய கோரிக்கைகளுக்கு வட்டியும் அபராதமும் தள்ளுபடி. பிரிட்டனில் கடனாகத் தரப்பட்ட சம்பளத்தின் மீது போடப்பட்ட ‘லோன் சார்ஜ்’ 1999 வரை பின்னோக்கிப் பாய்ந்தது. பாதிக்கப்பட்டவர்களின் இயக்கத்துக்குப் பின் நடந்த மோர்ஸ் ஆய்வின் பேரில், 2010 டிசம்பர் 9-க்கு முந்தைய கடன்கள் விலக்கப்பட்டன. பிந்தையவர்கள் சிக்கலிலேயே இருந்தார்கள், முந்தையவர்கள் போராட்டத்தை விட்டு விலகக் காரணம் கிடைத்தது. இடைநிலை வெற்றிக்கு இந்த விலை உண்டு என்பதை அறிந்தே அதை ஏற்க வேண்டும்.

வட்டியோடு ரீஃபண்ட் என்பதை முதல் மனுவிலேயே எழுதுவது நல்லது. பிறகு சேர்த்தால் பேராசையாகத் தெரியும்.

வாதம்

பொதுமக்களிடம் இந்தப் பிரச்சினைக்கு இயல்பான அனுதாபம் இல்லை. பன்னாட்டு நிறுவனம் கேமன் தீவு வழியாகப் பங்கு வாங்கி வரி கட்டவில்லை என்றால், கேட்பவர் அரசின் பக்கம்தான் சாய்வார்; அதில் நியாயமும் இருக்கிறது. அதனால் ‘இந்த வரி தவறு’ என்ற வாதத்தைவிட ‘தேதி தவறு’ என்ற வாதம் பலமானது. வரி வேண்டுமானால் நாளை முதல் போடுங்கள் என்பதை எவரும் எளிதில் மறுக்க முடியாது. அடுத்தபடியாக, அரசின் சொல்லையே எடுத்துக்காட்டலாம். புதிய சுமை ஏற்றும் முன்தேதித் திருத்தங்களை அரசு சாதாரணமாகக் கொண்டுவராது என்று 2014 பட்ஜெட் உரையில் அன்றைய நிதி அமைச்சர் அருண் ஜேட்லி கூறினார். அதன் பின் வரும் ஒவ்வொரு திருத்தத்தையும் அந்த வாக்குறுதியின் பக்கத்தில் வைத்துக் காட்ட முடியும்.

எந்தக் கதவு, எந்த மாதம்

மத்திய வருமான வரி என்றால் கதவு நிதி அமைச்சகத்தின் வருவாய்த் துறையும் நேரடி வரிகள் வாரியமும். பட்ஜெட்டுக்கு முன் தொழில், வணிக அமைப்புகளிடம் யோசனை கேட்கும் வழக்கம் உண்டு. அந்தச் சமயத்தில் மனு போய்ச் சேர வேண்டும். பிப்ரவரி 1-ல் நிதி மசோதா வந்தபின், மார்ச் இறுதிக்குள் மக்களவையில் அரசுத் திருத்தங்களோடு நிறைவேறும். அந்த இடைவெளிதான் கடைசி வாய்ப்பு. அது பண மசோதா என்பதால் மாநிலங்களவை 14 நாளுக்குள் பரிந்துரை சொல்லலாம், தடுக்க முடியாது. அங்கே போய் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஜிஎஸ்டியில் நிலைமை வேறு, சிறு வணிகருக்கு இன்னும் சாதகம். முடிவு ஜிஎஸ்டி கவுன்சிலில் பிறக்கிறது; வாக்கில் மூன்றில் ஒரு பங்கு மத்திய அரசுக்கு, மீதி மாநிலங்களுக்கு, தீர்மானத்துக்கு நான்கில் மூன்று பங்கு தேவை. சென்னையில் இருக்கும் மாநில நிதி அமைச்சரைச் சந்திப்பதே டெல்லிக்குச் செல்லும் வழி. மேலும், கவுன்சில் கூட்டம் முடிந்ததும் வெளிவரும் அறிக்கையில் வரப்போகும் திருத்தம் முன்பே தெரிந்துவிடும். வணிக வளாகத் திருத்தம் 2024 டிசம்பர் கூட்டத்திலேயே அறிவிக்கப்பட்டது. சட்டமானது அடுத்த மார்ச்சில்.

இந்தக் கதவில் கிடைத்த வெற்றி ஒன்றைப் பார்க்கலாம். 2017-18 தொடங்கி முதல் சில ஆண்டுகளில், குழப்பத்தில் தாமதமாகக் கணக்குத் தாக்கல் செய்த வணிகர்களின் உள்ளீட்டு வரி வரவை, ஜிஎஸ்டி சட்டத்தின் 16(4) பிரிவின் கெடு தாண்டியதாகச் சொல்லி அதிகாரிகள் மறுத்தார்கள். தாமதக் கட்டணத்தை வாங்கிக்கொண்டே வரவை மறுத்ததுதான் வணிகர்களின் ஆத்திரம். 2023-ல் ஆந்திர, பாட்னா உயர் நீதிமன்றங்கள் அந்தக் கெடு செல்லும் என்றன. ஆனால் 2024 ஜூன் 22-ல் கூடிய கவுன்சில் பரிந்துரைக்க, 16(5) என்ற புதிய பிரிவு 2017 ஜூலை 1 முதல் செல்லுமாறு வந்தது. 2021 நவம்பர் 30 வரை தாக்கல் செய்த கணக்குகளுக்கு வரவு கிடைத்தது. முன்தேதி வணிகருக்குச் சாதகமாக வேலை செய்த அபூர்வம். ஏற்கெனவே கட்டியவர்களுக்கு மட்டும் ரீஃபண்ட் இல்லை என்று விட்டார்கள்.

அவையில் சிறிதாகக் கேட்பது

நீக்கத் தீர்மானத்தை ஆளுங்கட்சி தோற்கடித்துவிடும். ஆய்வறிக்கை கேட்டால் மறுக்கத் தயங்கும். பிரிட்டனில் நாடாளுமன்ற உறுப்பினர் எட் டேவி 2019 ஜனவரியில் கொண்டுவந்த புதிய ஷரத்து, லோன் சார்ஜை ஆராய்ந்து அறிக்கை தர வேண்டும் என்று மட்டுமே கேட்டது. வாக்கெடுப்பின்றி அது ஏற்கப்பட்டது. அதே ஆண்டு மோர்ஸ் ஆய்வு வந்தது. இந்தியாவிலும் குழு அமைக்க வைப்பது பலன் தந்திருக்கிறது: அந்நிய முதலீட்டாளர்களிடம் பழைய ஆண்டுகளுக்குக் குறைந்தபட்ச மாற்று வரி கேட்ட விவகாரம் 2015-ல் ஏ.பி.ஷா குழுவிடம் போய், சில மாதங்களில் கைவிடப்பட்டது.

நீதிமன்றமும் வெளி நெருக்கடியும்

வழக்கு தேவைதான், ஆனால் எதிர்பார்ப்பை அளவோடு வைக்க வேண்டும். சொல்லாத இடத்தில் முன்தேதி இல்லை என்றே கொள்ள வேண்டும் என்று 2014-ன் வாட்டிகா டவுன்ஷிப் தீர்ப்பு சொல்கிறது; சட்டம் தெளிவாகச் சொல்லிவிட்டால் அது உதவாது. ஒரே நிலையில் உள்ளவர்களுக்குள் பாகுபாடு காட்டினால் சமத்துவத்தைச் சொல்லும் அரசமைப்பின் 14-ஆம் பிரிவு உதவலாம். பத்துக் கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்பவர்களுக்கு மட்டும் வரிச் சலுகைக்கு 2005-ல் முன்தேதியிட்ட நிபந்தனை போட்டதை அவானி எக்ஸ்போர்ட்ஸ் வழக்கில் குஜராத் உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. 2015-ல் உச்ச நீதிமன்றமும் ஏற்றுமதியாளர்களுக்கு நிவாரணத்தை உறுதி செய்தது.

2021-ல் அரசை இறங்கி வரச் செய்தது உள்நாட்டு வழக்கல்ல. முதலீட்டு ஒப்பந்தங்களின் கீழ் நடுவர் மன்றங்கள் 2020 செப்டம்பரில் வோடஃபோனுக்கும், டிசம்பரில் அதே திருத்தத்தின் பேரில் வரி கேட்கப்பட்ட எண்ணெய் நிறுவனம் கெய்ர்னுக்கும் சாதகமாகத் தீர்ப்பளித்தன. 120 கோடி டாலருக்கு மேல் வர வேண்டிய கெய்ர்ன், பாரிஸில் இந்திய அரசின் குடியிருப்புகளை முடக்க நீதிமன்ற உத்தரவு வாங்கியது; நியூயார்க்கில் ஏர் இந்தியா மீது வழக்குப் போட்டது. பாரிஸ் செய்தி ஜூலையில் வெளியானது, ஆகஸ்ட் 5-ல் நிதி அமைச்சர் நிர்மலா சீதாராமன் நீக்க மசோதாவைத் தாக்கல் செய்தார். உள்ளூர் வணிகருக்கு அந்த ஆயுதம் கிடையாது. அவருக்கு எண்ணிக்கைதான் பலம்.

நீக்கம் வந்த பிறகு

நீக்கச் சட்டத்தில் நிபந்தனைகள் இருக்கும். 2021 சட்டப்படி வழக்கு, நடுவர் மன்றம் எல்லாவற்றையும் வாபஸ் பெற வேண்டும், இனி இழப்பீடு கேட்க மாட்டோம் என்று உறுதிமொழி தர வேண்டும், பணம் வட்டியின்றித்தான் வரும். படிவங்களும் கெடுவும் அக்டோபர் 1-ல் வந்த விதிகளில்தான் இருந்தன. சட்டத்தை மட்டும் படித்தவர்கள் அவற்றைத் தவறவிட்டிருப்பார்கள். கெய்ர்னுக்கு 7,900 கோடி ரூபாய் 2022 பிப்ரவரியில் கைக்கு வந்தது. சிறு வணிகர்கள் இந்தக் கட்டத்தில், திருத்த ஆணை கோரும் மனுவை உரிய காலத்துக்குள் போடுவது, முடக்கப்பட்ட வங்கிக் கணக்கை விடுவிக்கும் உத்தரவை எழுத்தில் பெறுவது, நிலுவைப் பட்டியலில் பழைய தொகை அழிந்திருக்கிறதா என்று இணையதளத்தில் பார்ப்பது ஆகியவற்றைத் தனித்தனியாக முடிக்க வேண்டும். ஒன்று நடந்தால் மற்றது தானாக நடப்பதில்லை.