வில்லா, நாணா, இடைவெளியா?

இரண்டு உள்வெளிகள் எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்று பார்க்க, அடிமான அணிகளைக் கழித்துப் பார்க்காதீர்கள். ஒரே தளத்துக்கு எண்ணற்ற அடிமானங்கள் உண்டு. வெக்டர்களைத் தளத்துக்குள்ளேயே சுழற்றினால் தளம் மாறாது. கழித்தலின் விடை மட்டும் மாறிவிடும்.

முதலில் முதன்மைக் கோணங்களைக் கண்டுபிடியுங்கள். 1875-இல் கமில் ஜோர்டான் தந்த கருத்து இது. நம்பகமாகக் கணக்கிடும் வழியை 1973-இல் பியோர்க்கும் கோலுப்பும் காட்டினார்கள். இரு பக்கமும் செங்குத்து ஓரலகு அடிமானம் எடுத்து, ஒன்றின் நிரை நிரல் மாற்று அணியால் மற்றதைப் பெருக்குங்கள். கிடைக்கும் சிங்குலர் மதிப்புகள்தான் கோணங்களின் கொசைன்கள்.

இனிதான் தேர்வு: இந்தக் கோணங்களிலிருந்து தூரத்தை இடைவெளி, வில், நாண் என மூன்று வழிகளில் அளக்கலாம். நான்கு பரிமாணத்தில் ஒரு தளம். அதிலிருந்து இன்னொரு தளம் 0°, 60° விலகியிருக்கிறது. மூன்றாவது 40°, 40°. எது அருகில்?

இடைவெளி, பெரிய கோணத்தின் சைனை மட்டும் பார்க்கும்: 0.866, 0.643. மூன்றாவதே அருகில். வில் தூரம், கோணங்களின் வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுக்கும்: 60°, 56.6°. அதுவும் மூன்றாவதையே சொல்கிறது. நாண் தூரம் கோணங்களுக்குப் பதில் சைன்களை வர்க்கப்படுத்தும்: 0.866, 0.909. இங்கே வரிசை தலைகீழ்! மூன்றுமே சரியான அளவைகள்; கேட்கும் கேள்விதான் வேறு.

ஒரு திசை பிசகினாலும் வேலை கெட்டுவிடும் என்றால் இடைவெளியை எடுங்கள். ஒரு தளம் மெல்லத் திரும்பி மற்றதாகும் பாதை வேண்டுமென்றால் வில். மற்றபடி என் கை போவது நாணுக்கே. அதன் வர்க்கம் எங்கும் வழுவழுப்பானது. வில்லின் வர்க்கமோ 90° வந்ததும் முறிகிறது. பல உள்வெளிகளுக்குச் சராசரி காண்பதும் எளிது: வீழல் அணிகளைக் கூட்டி, பெரிய ஐகன் மதிப்புகளுக்குரிய வெக்டர்களை எடுத்தால் போதும். 1996-இல் கான்வே, ஹார்டின், ஸ்லோன் மூவரும் தளங்களை நெருக்கி அடுக்கும் ஆய்வில் நாணைத்தான் விரும்பினார்கள். கோடுகளை ஒப்பிடும்போது எந்த அளவை என்ற கவலையே இல்லை; கோணம் ஒன்றுதான், மூன்றும் ஒரே வரிசை தரும்.

பரிமாணங்கள் வேறுபட்டால் வீழல் அணிகளைக் கழித்து இரண்டாம் நெறிமம் எடுக்காதீர்கள். கோடு தளத்துக்குள்ளேயே கிடந்தாலும் விடை 1 என்றே வரும். கோணங்களை நேராகப் பாருங்கள், அங்கே 0° தெரியும்.

மிகச் சிறிய கோணங்களுக்குக் கொசைனை நம்ப வேண்டாம். இரட்டைத் துல்லியத்தில் கோணம் 10⁻⁸ ரேடியனுக்குக் கீழே போனால் கொசைன் 1 ஆகவே பதிவாகிவிடும். ஓர் அடிமானத்திலிருந்து மற்ற உள்வெளியின் மேல் விழும் வீழலைக் கழித்து, மிஞ்சுவதன் சிங்குலர் மதிப்புகளை எடுங்கள், அவை சைன்கள். சைபை மென்பொருள் நூலகத்தின் கோணச் சார்பு சிறிய கோணங்களுக்கு இந்த வழியில்தான் போகிறது.