கூரைமேல் நின்ற உயிர்

நுழையும்முன்

கதைகளில் விலங்குகள் பேசும், வழக்கு உரைக்கும், அரசனுக்கே அறிவுரை கூறும். பஞ்சதந்திரக் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதில் வியப்பில்லை. ஆனால், ஒரு நாய் நாயாகவே இருந்துகொண்டு, ஒரு சொல்லும் பேசாமல் கதையின் தலைமை மாந்தராக விளங்க முடியுமா? மலையாளப் புதின ஆசிரியர் தகழி சிவசங்கரப் பிள்ளையின் சிறுகதை ஒன்று இவ்வினாவிற்கு விடையாக அமைகிறது.

ஆற்றங்கரை ஊர்கள்

செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீரையும் தாம்பரம் பகுதியிலுள்ள ஏரிகளின் வடிநீரையும் ஏந்திவரும் அடையாறு, திருநீர்மலை, அனகாபுத்தூர் ஆகிய ஊர்களைக் கடந்து, பொழிச்சலூரின் ஓரமாக வளைந்து, சென்னை வானூர்தி நிலையத்தின் ஓடுபாதைக்கு அடியில் புகுந்து கிழக்கே செல்கிறது. ஆண்டின் பெரும்பகுதியில் அதனை ஆறு என்று அழைக்கவே தயக்கம் தோன்றும். 2015ஆம் ஆண்டு டிசம்பர்த் தொடக்கத்தில் அத்தயக்கம் எவருக்கும் எழவில்லை. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை பதிவானது. ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. வானூர்தி நிலையம் சில நாள்கள் மூடப்பட்டது. முடிச்சூரிலும் வரதராசபுரத்திலும் பேருந்து சென்ற சாலைகளில் படகுகள் சென்றன.

படகில் இடம் குறைவு. குழந்தைகள், முதியோர், கருவுற்ற பெண்கள் என்று ஆள்களை வரிசைப்படுத்தியே ஏற்ற வேண்டியிருந்தது. அந்த வரிசையில் நாய் இல்லை. இதனை எவர்மீதும் குற்றமாகச் சுமத்த இயலாது. உயிர் தப்பும் நேரத்தில் மனிதர் தம் மக்களையே முதலில் எண்ணுவர். ஆயினும், அதுவரை வாசலில் படுத்து வீட்டைக் காத்த நாய், மொட்டைமாடியின் கைப்பிடிச்சுவரில் முன்கால்களை ஊன்றி நின்று, விலகிச்செல்லும் படகைப் பார்த்துக்கொண்டிருந்தால் அதன் கண்ணுக்கு அந்த வெள்ளம் எவ்வாறு தோன்றியிருக்கும்? வெள்ளத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இதனைக் கேட்பதில்லை. தகழி கேட்டார்.

'வெள்ளப்பொக்கத்தில்'

தகழி பிறந்து வளர்ந்த குட்டநாடு, கடல்மட்டத்தைவிடத் தாழ்ந்த வயல்களைக் கொண்ட நிலப்பகுதி. 1924ஆம் ஆண்டு கேரளத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. அது கொல்லம் ஆண்டு 1099 ஆதலால், 'தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்' என்றே மக்கள் இன்றும் குறிப்பிடுவர். தகழிக்கு அப்போது வயது பன்னிரண்டு. வெள்ளம் என்பது அவருக்குச் செய்தித்தாளில் படித்த செய்தியன்று. 'வெள்ளத்தில்' என்று பொருள்படும் 'வெள்ளப்பொக்கத்தில்' என்னும் சிறுகதையில் அவ்வறிவு முழுவதும் இறங்கியிருக்கிறது.

ஊரிலேயே உயரமான இடம் கோயில். அங்கும் இறைவன் கழுத்தளவு நீரில் நிற்கிறார் என்னும் காட்சியுடன் கதை தொடங்குகிறது. கோயிலின் மேல்தளத்தில் நூற்றுக்கணக்கான மனிதரும், அவர்களோடு நாய், பூனை, ஆடு, கோழி ஆகியனவும் ஒருவரோடொருவர் பூசலின்றி ஒண்டியிருக்கின்றனர். பின்னர்க் கதை, சேன்னன் என்பவனுடைய குடிசைக்கு நகர்கிறது. சேன்னன் ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த உழவுத்தொழிலாளி. அவனிடம் படகில்லை. அவனுடைய நிலவுடைமையாளர் உயிர் பிழைத்துக் கரைசேர்ந்து மூன்று நாள்கள் ஆகிவிட்டன. சில வாழைக்குலைகளையும் வைக்கோற்போரையும் விட்டுவிட்டுப் போனால் பிறர் கொண்டுபோய்விடுவர் என்று அஞ்சியே சேன்னன் தங்கிவிட்டான். இப்போது பரண்மேலும் நீர் ஏறிவிட்டது. கருவுற்ற மனைவி, நான்கு குழந்தைகள், ஒரு பூனை, ஒரு நாய் ஆகிய அனைவருக்கும் அவன் ஒருவனே துணை.

கூரையைப் பிரித்து வெளியே வந்த சேன்னன் தொலைவில் ஒரு படகைக் கண்டு கூவுகிறான். படகு வருகிறது. குழந்தைகளும் மனைவியும் ஏற்றப்படுகின்றனர். பூனை தானாகவே தாவி ஏறிக்கொள்கிறது. அந்நேரம் நாய் கூரையின் மேற்குச் சரிவில் எதையோ முகர்ந்துகொண்டிருக்கிறது. அதனை எவரும் விரட்டவில்லை. வேண்டாம் என்று விலக்கவும் இல்லை. எவருக்கும் அதன் நினைவு வரவில்லை, அவ்வளவே. நாய் கூரையின் உச்சிக்குத் திரும்பி வரும்போது படகு வெகுதொலைவு சென்றுவிடுகிறது.

கதை படகோடு செல்லும் என்றே படிப்பவர் எதிர்பார்ப்பர். ஆசிரியர் செல்லவில்லை. மனிதர்களைப் படகில் அனுப்பிவிட்டு நாயோடு கூரையில் தங்கிவிடுகிறார். ஒரு புதின ஆசிரியரின் துணிவு இவ்விடத்தில் வெளிப்படுகிறது.

கூரையில் நிகழ்பவை சிறியவை. தவளை ஒன்று நீரில் குதிக்க, நாய் திடுக்கிடுகிறது. படகு ஒன்று கடந்துபோகிறது, அதிலிருப்போர் இரக்கப்படுகின்றனர், நாய் வாலாட்டுகிறது, படகு நிற்காமல் போய்விடுகிறது. வெள்ளத்தில் நாயின் ஓலம் தனித்த மனிதக் குரல்போல் ஒலிக்கிறது. இரவில் திருடர் வருகின்றனர். நாய் குரைக்கிறது. அவர்கள் சேன்னனின் வாழைக்குலைகளை வெட்டுகின்றனர், வைக்கோலையும் நாடுகின்றனர். கூரையை நெருங்கியவன் காலை நாய் கடிக்கிறது. அடியும் படுகிறது.

கடந்துசென்ற படகை நோக்கி வாலாட்டிய அதே நாய், அருகே வந்த படகை எதிர்த்துக் குரைக்கிறது. தன் உயிருக்காக வாலாட்டியது. தலைவனின் உடைமைக்காகக் கடித்தது. சேன்னன் எந்த வாழைக்குலைகளுக்காகத் தங்கி, பின் கைவிட்டுச் சென்றானோ அவற்றை இப்போது நாய் காக்கிறது. நிலவுடைமையாளர் சேன்னனை விட்டுச் சென்றார். சேன்னன் நாயை விட்டுச் சென்றான். நாய் மட்டும் எதனையும் விட்டுச் செல்லவில்லை. மேலிருந்து கீழாக இறங்கிவரும் இக்கைவிடுதலை ஆசிரியர் ஓரிடத்திலும் விளக்கிக் கூறவில்லை. கூறியிருந்தால் கதை சொற்பொழிவாகியிருக்கும்.

நாயும் திணையும்

நாயைக் கதைமாந்தராக்கும்போது மொழியே ஒரு தடையாக வந்து நிற்கும். தொல்காப்பியர் மக்களை உயர்திணை என்றும் ஏனையவற்றை அஃறிணை என்றும் பகுத்தார். மரபியலில் விலங்குகளின் இளமைப்பெயர்களைக் கூறும்போது நாய், பன்றி, புலி, முயல் ஆகிய நான்கின் இளமையைக் 'குருளை' என்பார். இவற்றைப் 'பிள்ளை' என்று வழங்குதலும் தவறன்று எனக் கூறுபவர், நாயை மட்டும் அதற்கு விலக்காக்கிவிடுகிறார். கீரிப்பிள்ளை, அணிற்பிள்ளை, தென்னம்பிள்ளை என்று வழங்கும் தமிழில் நாய்ப்பிள்ளை இல்லாமை எண்ணிப்பார்க்கத்தக்கது. மனிதனோடு நெடுங்காலம் ஒரே வாசலில் வாழ்ந்த விலங்குக்கு இந்த ஒரு சொல் கிட்டவில்லை.

மலையாளத்தில் இந்தத் தடை ஓரளவு தளர்ந்திருக்கிறது. அம்மொழியின் வினைமுற்றுகள் திணை, பால், எண், இடம் காட்டுவதில்லை. 'கரைஞ்ஞு' என்னும் ஒரே வினைமுற்று அழுதான், அழுதாள், அழுதது ஆகிய மூன்றிற்கும் பொருந்தும். எனவே, தகழியின் கதையில் சேன்னனும் நாயும் ஒரே வினைமுற்றைப் பங்கிட்டுக்கொள்கின்றனர். அதே கதையைத் தமிழில் கூறும்போது சேன்னன் திரும்பினான், நாய் திரும்பியது. முதல் தொடரிலேயே இருவரையும் இலக்கணம் பிரித்துவிடுகிறது. மொழிபெயர்ப்பாளர் செய்யும் பிழையன்று இது; தமிழின் இயல்பு.

அவ்வாறாயின் தமிழில் நாயைக் கதைமாந்தராக்க வழியில்லையா? வழக்கு வழி காட்டுகிறது. பசுவைப் பார்த்து 'என் அம்மை வந்தாள்' என்பதைத் திணை வழுவமைதி எனக் கற்றிருக்கிறோம். உவப்பினால் அஃறிணை உயர்திணையாகிறது. பிறரை 'நாய்' எனத் திட்டும்போது இழிப்பினால் உயர்திணை அஃறிணையாகிறது. மாணிக்கவாசகர் இறைவன் முன் தம்மை 'நாயேன்' என்று தாழ்த்திக்கொண்டார். ஒரே சொல் வசையாகவும் வழிபாடாகவும் நிற்கும் மொழியில், 'அது' என்னும் சுட்டுப்பெயரை வைத்துக்கொண்டே அன்பைக் காட்டுவது எழுத்தாளரின் திறமையைச் சார்ந்தது. நாயைப் பேச வைப்பது எளிய வழி. 'அது' என்றே எழுதிப் படிப்பவரை அதன் அருகில் அமரவைப்பது அரிய வழி.

நன்றியும் விலையும்

நட்பின் இயல்பைக் கூறவந்த நாலடியார், யானையையும் நாயையும் ஒப்பிடுகிறது. யானை நெடுநாள் பழகிய பாகனையே கொல்லும். நாயோ, எறிந்த வேல் தன் உடலில் தைத்து நிற்கும்போதும் எறிந்தவனைக் கண்டு வாலைக் குழைக்கும். நன்றிக்கு நாய் என்னும் கருத்தின் பழைய வடிவம் இது. மேடைகளில் பலமுறை எடுத்துக்காட்டப்பெறும் பாடலும் ஆகும். ஆனால், வேலை எறிந்தவனைப் பற்றி நாம் பேசுவதில்லை. வாலைக் குழைத்த நாயைப் புகழ்வதோடு நிறுத்திக்கொள்கிறோம். புதின ஆசிரியர்கள் நிற்பதில்லை. அந்த நன்றியின் விலை யார் தலையில் விழுகிறது என்று கணக்குப் பார்க்கின்றனர்.

சென்னையில் பிறந்து ஆங்கிலத்தில் எழுதிய ஆர்.கே. நாராயண், 'குருட்டு நாய்' என்று பொருள்படும் தலைப்புடைய கதையில் இக்கணக்கை வேறு வகையில் பார்க்கிறார். மால்குடிச் சந்தை வாசலில் பார்வையற்ற இரவலன் ஒருவன் அமர்ந்திருக்கிறான். டைகர் என்னும் தெருநாய் தானாக அவனிடம் ஒட்டிக்கொள்கிறது. நாளடைவில் அவன் அதன் கழுத்தில் கயிறு கட்டுகிறான். நாய் வழிகாட்ட, அவன் தெருத்தெருவாகச் சென்று பொருள் ஈட்டுகிறான், பேராசை வளர்கிறது, நாய்க்கு ஓய்வு பறிபோகிறது. சந்தைவாசல் வணிகர்கள் இரங்கிக் கயிற்றை வெட்டிவிடுகின்றனர். நாய் ஓடிவிடுகிறது. மகிழ்ந்தவர்கள் சில நாள்களுக்குப் பின் காண்பது, மீண்டும் சங்கிலியில் கட்டுண்டு அவனை நடத்திச் செல்லும் அதே நாயை. உண்மையில் அந்த நாய்க்குப் பார்வை உண்டு. தலைப்பிலுள்ள குருடு எதனைக் குறிக்கிறது என்பது மாணவர் சிந்தனைக்குரியது.

டைகரைக் கட்டிய கயிறு கண்ணுக்குத் தெரிகிறது. அதனை வெட்டக் கத்தரிக்கோல் போதும். தகழியின் நாய்க்குக் கயிறே இல்லை. வாழைக்குலைகள் எவருடையவை என்று அதற்கு எவரும் கட்டளையிடவும் இல்லை. இவ்விரு கதைகளில் தகழியின் கதையே வலியது எனலாம். நாராயணின் நாய்க்கு இரங்கும் மனிதர் அருகிலேயே இருக்கின்றனர். தகழியின் கூரையைச் சுற்றி நீர் மட்டுமே இருக்கிறது. இரக்கம் படகிலேறிக் கடந்துபோய்விட்டது.

வெள்ளம் வடிந்தபின்

நள்ளிரவில் மாட்டின் உடல் ஒன்று மிதந்து வந்து கூரையோரம் ஒதுங்குகிறது. பசித்த நாய் அதனைக் கடித்து இழுக்கிறது. அதன்பின் நாயின் குரல் கேட்கவில்லை. காற்றும் தவளைகளும் அலைகளும் மட்டுமே ஒலிக்கின்றன.

நீர் வடிகிறது. சேன்னன் திரும்பி வருகிறான். மனைவி மக்களைக் கரையில் விட்டுவிட்டு, நீரில் இறங்கித் தன் நாயைத் தேடியே வருகிறான். படகேறிய நேரத்தில் மறந்துபோனவன் இவன் என்பதைப் படிப்பவர் நினைவிற்கொள்ள வேண்டும். மறதியும் தேடலும் ஒரே மனிதனிடம் இருக்கின்றன. தென்னை மரத்தடியில் ஒரு நாயின் உடல் கிடக்கிறது. மெல்லிய அலைகள் அதனை அசைக்கின்றன. சேன்னன் கால் விரலால் அதனைப் புரட்டிப் பார்க்கிறான். ஒரு காது அறுந்திருக்கிறது. தோல் அழுகிவிட்டமையால் நிறம் தெரியவில்லை. தன் நாய்தானா என்னும் ஐயம் அவனுக்குத் தீரவில்லை.

நூல்வெளி

தகழி சிவசங்கரப் பிள்ளை (1912 – 1999) கேரள மாநிலம் ஆலப்புழையை அடுத்த தகழி என்னும் ஊரில் பிறந்தவர், வழக்கறிஞராகப் பணியாற்றியவர். தோட்டியுடெ மகன், ரண்டிடங்ஙழி, செம்மீன், கயர் முதலிய புதினங்களை இயற்றியுள்ளார். 'செம்மீன்' 1957ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. 1984ஆம் ஆண்டிற்கான ஞானபீட விருது இவருக்கு வழங்கப்பட்டது. 'செம்மீன்', 'தோட்டியின் மகன்' ஆகிய புதினங்களைத் தமிழில் மொழிபெயர்த்தவர் சுந்தர ராமசாமி.