மாமனார் எடுத்துத் தரும் கோட்டை ஆபீசுக்கும் போடலாம்

கொங்கு நாட்டில் பல ஆண்களுக்கு முதல் கோட் சூட் அவர்கள் காசில் வருவதில்லை. முகூர்த்தத்துக்கு முதல் நாள் சாயங்காலம் ரிசப்ஷன் மேடையில் நிற்பதற்காகப் பெண் வீட்டில் எடுத்துத் தருகிறார்கள். மெரூன் நிறம், மினுமினுக்கும் சாட்டின் காலர், மார்பில் கல் பதித்த ஒரு ப்ரூச். ஆல்பம் கைக்கு வருவதற்குள் கோட் பீரோவுக்குள் போய்விடும். இரண்டு வருடம் கழித்து கம்பெனி உங்களை ஜெர்மனி கண்காட்சிக்கு அனுப்பும்போது அந்த மெரூனைப் போட்டுக்கொண்டு விமானம் ஏற முடியாது. மறுபடி கடை, மறுபடி செலவு.

அதனால் கல்யாணப் பேச்சு நடக்கிற வீடாக இருந்தால், துணி எடுக்கப் போகும் அன்றே கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள்: “மாமா, நேவி ப்ளூ போதுங்க. பின்னாடி ஆபீசுக்கும் ஆகும்.” எந்த மாமனாரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். மேடைக்கு வேண்டிய பளபளப்பை டை, பாக்கெட் கைக்குட்டை, உள்ளே போடும் வெயிஸ்ட் கோட் மூன்றும் பார்த்துக்கொள்ளும். மேடையைத் தவிர வேறு எங்கும் கோட் தேவைப்படாதவர் வாடகைக்கு எடுத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

வேலைக்கு உண்மையிலேயே சூட் வேண்டுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஜி.சி.டி., பி.எஸ்.ஜி., சி.ஐ.டி. போன்ற கோவைக் கல்லூரிகளில் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வரும் பெரும்பாலான சாஃப்ட்வேர் கம்பெனிகளுக்கு அளவான முழுக்கைச் சட்டை, டக்-இன், கறுப்பு ஷூ போதும். அங்கே தோள் தொங்கும் கோட்டைப் போட்டுக்கொண்டு வியர்த்து உட்கார்ந்திருப்பதைவிட, நன்றாகத் தேய்த்த சட்டையே மேல். எம்.பி.ஏ. பிளேஸ்மென்ட், ஹோட்டல் துறை, டெல்லியில் நடக்கும் யு.பி.எஸ்.சி. நேர்முகத் தேர்வு, கொடிசியா வளாகத்தில் நடக்கும் தொழிற்காட்சிகளில் ஸ்டாலில் நிற்பது, பம்ப், வார்ப்பட, உதிரிபாகக் கம்பெனிகளின் ஏற்றுமதிப் பிரிவு, திருப்பூரில் வெளிநாட்டு பையரை நேரில் சந்திக்கும் மெர்ச்சண்டைசர் வேலை: இங்கெல்லாம் கோட்டுக்கு மரியாதை உண்டு. இந்தப் பட்டியலில் நீங்கள் இருந்தால் மேலே படியுங்கள்.

நிறத்தில் குழம்ப ஒன்றுமில்லை. முதல் சூட் நேவி ப்ளூ, இல்லையென்றால் அடர் சாம்பல். கறுப்பு ராத்திரி விருந்துக்கு நன்றாக இருக்கும், பகல் வெளிச்சத்தில் ஹோட்டல் சிப்பந்தியோ என்று நினைக்க வைக்கும். கட்டமும் கோடும் வேண்டாம். கட்டம் போட்ட துணியில் தையலில் கட்டத்தோடு கட்டம் சேர வேண்டும், அதற்குத் துணியும் கூடுதலாகப் பிடிக்கும், மாஸ்டரும் கெட்டிக்காரராக இருக்க வேண்டும்.

ஸ்பின்னிங் அண்ட் வீவிங் மில் 1888-இலேயே வந்த ஊர் கோவை, துணி இங்கே சல்லிசாகக் கிடைக்காதா என்று கேட்கலாம். கிடைக்காது. நம் மில்கள் வளர்ந்தது பருத்தி நூலில். விலை குறைந்த சூட்டிங் துணியில் பெரும்பகுதி பாலியஸ்டர்-விஸ்கோஸ் கலப்பு, அதற்குப் பேர்போன ஊர் ராஜஸ்தானின் பில்வாரா. கம்பளித் துணி என்றால் 1925-இல் மும்பைக்கு அருகே தானேயில் தொடங்கிய ரேமண்ட் போன்ற பெயர்கள். திருப்பூர் காதர்பேட்டைக்குப் போனால் டி-சர்ட்டும் சட்டையும் மலிவாக அள்ளலாம், அது பின்னலாடை ஊர், கோட்டுக்கு அங்கே அலைய வேண்டாம். ஆக, உள்ளூர்க்காரர் என்பதால் துணி விலையில் நமக்குச் சலுகை எதுவும் இல்லை. நமக்கு இருக்கிற சாதகம் தையல் கடைகள்தான், காசை அங்கே போடுங்கள்.

கையில் 10,000 ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக நடப்பது என்ன? 6,000 ரூபாய்க்கு நல்ல பிராண்ட் துணி எடுத்துவிட்டு, தையல் கூலியில் பேரம் பேசுவோம். இதைத் தலைகீழாக்குங்கள். துணிக்கு 3,000, தையலுக்கு 5,000, மிச்சத்தில் ஒரு வெள்ளைச் சட்டையும் டையும். சுமாரான துணியில் அளவாகத் தைத்த கோட் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு நன்றாகத்தான் தெரியும். உயர்ந்த துணியில் தோள் சரியாக உட்காராத கோட் இரவல் வாங்கியது போலவே இருக்கும். தையல் கூலி கடைக்குக் கடை மாறும், இரண்டு மூன்று இடத்தில் விசாரித்து உங்கள் பட்ஜெட்டுக்குள் வரும் நல்ல மாஸ்டரைப் பிடித்த பிறகுதான் துணி எடுக்க வேண்டும்.

வரியும் தைப்பதற்கே சாதகம். 2025 செப்டம்பர் 22 முதல், ஒன்று 2,500 ரூபாய் வரை விலையுள்ள ஆயத்த ஆடைக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி., அதற்கு மேல் போனால் 18. ஷோரூமில் 8,260 ரூபாய் கொடுத்து ரெடிமேட் சூட் எடுத்தால் அதில் 1,260 வரி. மீட்டர் துணிக்கு 5 சதவீதம்தான். ஆண்டு வரவு 20 லட்சத்துக்குக் கீழே உள்ள சின்னத் தையல் கடை ஜி.எஸ்.டி. பதிவே எடுக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்ட கடையில் வரி என்று தனியாக ஒன்றும் சேராது.

துணிக்கு டவுன்ஹால் பக்கம்: ஒப்பணக்கார வீதி, பெரிய கடை வீதி, ராஜ வீதி. காந்திபுரம் கிராஸ்கட் ரோட்டின் பெரிய ஜவுளிக் கடைகளிலும் சூட்டிங் பிரிவு உண்டு. சூட்டிங் துணி சுமார் 58 அங்குல அகலத்தில் வரும். நடுத்தர உடம்புக்கு கோட், பேன்ட் இரண்டுக்கும் 3 முதல் 3.25 மீட்டர் போதும். ஆறடி ஆளோ பருத்த உடம்போ என்றால் மாஸ்டரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். இதில் நான் அடித்துச் சொல்வது ஒன்று: அதே தானிலிருந்து இன்னொரு பேன்ட்டுக்கும் சேர்த்து வெட்டி வாங்கிவிடுங்கள், 1.25 மீட்டர் வரை ஆகும். தினம் டூ-வீலரில் போகிற ஊர் நம்முடையது. சீட்டில் தேய்ந்து பேன்ட்டின் பின்பக்கம் பளபளக்க ஆரம்பிக்கும்போது கோட் புதிதாகவே இருக்கும். அப்போது போய்க் கேட்டால் அதே நிறம் கிடைக்காது. சாயம் ஒரு தானுக்கும் இன்னொரு தானுக்கும் துளி மாறும், வெயிலில் நின்றால் அந்தத் துளி தெரிந்துவிடும்.

துணியின் ஓரத்தில் ‘சூப்பர் 120’ என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அது கம்பளி இழை எவ்வளவு மெல்லியது என்பதைச் சொல்லும் எண். கம்பளியே கலக்காத துணியிலும் சிலர் அச்சடித்துவிடுகிறார்கள். கடைக்காரரிடம் கேட்டு ஒரு நூலை உருவி, வெளியே வந்து கொளுத்திப் பாருங்கள். கம்பளி என்றால் முடி கருகும் நாற்றம் வரும், விரலில் தேய்த்தால் பொடியாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகிவிடும். பாலியஸ்டர் கலந்தது கெட்ட துணி என்று சொல்லவில்லை, கம்பளி விலை கொடுத்து அதை வாங்கக் கூடாது. காசு கொஞ்சம் கூடப் போட முடிந்தால் கம்பளி கலந்த மெல்லிய டெரி உல் எடுங்கள், நம் வெயிலுக்கு அதில் பாலியஸ்டரைவிடக் காற்றோட்டம் அதிகம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கோவைக்காரரைக் காப்பாற்றும். ஈரோட்டுக்காரரும் கரூர்க்காரரும் லைனிங்கைப் பற்றியும் பேசியாக வேண்டும். கரூர் பரமத்தியின் வெயில் செய்தியில் வருகிற வெயில். கோட்டின் முதுகில் மேல்பாதிக்கு மட்டும் லைனிங் வைத்தால் போதும் என்று சொல்லுங்கள்.

இப்போது காலம். தையல்காரருக்கு வேலை தலைக்கு மேல் இருக்கும் நேரத்தில் போய் நின்றால் எத்தனை காசு கொடுத்தாலும் நல்ல கோட் வராது. தீபாவளிக்கு முந்திய வாரங்களில் பல கடைகள் ஆர்டர் எடுப்பதையே நிறுத்திவிடும். தை, வைகாசி, ஆவணி முகூர்த்த மாதங்கள். ஆடியில் கல்யாணம் இல்லை, மாஸ்டர் நிதானமாக இருப்பார், ஜவுளிக் கடையிலோ தள்ளுபடி. கல்லூரிகளில் கேம்பஸ் பருவம் சூடுபிடிப்பதும் ஏறக்குறைய அப்போதுதான். இரண்டாவது நல்ல காலம் மார்கழி. ஆடி முதல் வாரத்தில் துணி கொடுத்தால் ஆவணி பிறக்கும் முன்னே கோட் கையில் இருக்கும்.

எல்லாத் தையல்காரரும் கோட் தைப்பவர் அல்ல. சட்டை, பேன்ட்டில் பெயர் வாங்கிய பல கடைகள் கோட்டுக்கு அளவு மட்டும் எடுத்து, கோட் தைக்கும் வேறொருவருக்கு அனுப்பிவிடும். அதில் தப்பில்லை, ஆனால் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். “ஏனுங்ண்ணா, கோட்டு இங்கயே தைக்கறீங்களா, வெளிய போகுதுங்களா?” என்று கேளுங்கள். வெளியே போகிறது என்றால், ட்ரையலுக்கு அந்த மாஸ்டரே வருவாரா என்பது அடுத்த கேள்வி. வர மாட்டார் என்றால் அடுத்த கடை. அளவு எடுப்பவர் ஒருவர், வெட்டுபவர் ஒருவர், போட்டுப் பார்ப்பவர் இன்னொருவர் என்று போனால் உங்கள் உடம்பு யாருக்கும் ஞாபகம் இருக்காது.

முன்பக்கத்தில் துணிக்கும் லைனிங்குக்கும் நடுவே என்ன வைக்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும். சூடு போட்டு ஒட்டும் ஃப்யூசிங் மலிவு, இந்த பட்ஜெட்டில் பெரும்பாலும் அதுதான் கிடைக்கும். ஒட்டு மட்டமாக இருந்தால் சில டிரை க்ளீனிங்குக்குப் பிறகு மார்பில் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். மார்புப் பகுதிக்கு மட்டுமாவது கேன்வாஸ் வைத்துத் தைக்கிற மாஸ்டர் கிடைத்தால் கூட ஆயிரம் ரூபாய் கேட்டாலும் கொடுங்கள். ரெடிமேட் கோட்டில் முழுக் கேன்வாஸா என்று கண்டுபிடிக்க, கடைசி பட்டனுக்குக் கீழே துணியைக் கிள்ளி இழுத்துப் பாருங்கள். மேல் துணிக்கும் உள் துணிக்கும் நடுவே தனியாக ஒரு படலம் நழுவினால் முழுக் கேன்வாஸ். இரண்டே படலம், மேல் துணி விறைப்பாக இருக்கிறது என்றால் அந்த இடத்திலாவது ஒட்டியது.

அளவு கொடுக்கப் போகும்போது அந்தக் கோட்டுக்குள் போடப்போகும் சட்டையையும் ஷூவையும் போட்டுக்கொண்டு போங்கள். செல்போன், பர்ஸ் எல்லாம் வெளியே. வயிற்றை எக்க வேண்டாம், மாஸ்டரிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது?

ட்ரையல் இரண்டு வேண்டும் என்று முன்பணம் கொடுக்கும்போதே பேசிவிடுங்கள். முதல் ட்ரையல் கோட் முழுதாக ஆகும் முன்னே, வெள்ளை நூலில் நீளத் தையல் போட்டு நிறுத்தியிருக்கும்போது. எல்லாம் முடித்துப் பட்டன் வைத்த பிறகு கூப்பிட்டால் அதற்குப் பெயர் ட்ரையல் அல்ல, டெலிவரி. தோளை முதலில் பாருங்கள். சுவர் ஓரம் பக்கவாட்டில் நின்று சாயுங்கள், கைக்கு முன்னே கோட்டின் தோள் பஞ்சு சுவரில் இடித்தால் பெரிசு. கழுத்துக்குப் பின்னால் கோட்டின் காலர் சட்டைக் காலரை விட்டு விலகி நிற்கக் கூடாது. பட்டன் போட்டால் வயிற்றில் குறுக்கும் நெடுக்குமாகச் சுருக்கம் விழுந்தால் இறுக்கம். கோட்டின் கைக்குக் கீழே சட்டைக் கை அரை அங்குலம் தெரிய வேண்டும். நீளம் பின்புறத்தை மூடினால் போதும். பிறகு உட்காருங்கள், கைகுலுக்குவது போலக் கையை நீட்டுங்கள். இன்டர்வியூவில் உட்கார்ந்துதானே இருக்கப் போகிறீர்கள்? உள் தையலில் இடுப்பிலும் முதுகிலும் ஓர் அங்குலமாவது துணி விட்டு வைக்கச் சொல்லுங்கள். கல்யாணத்துக்குப் பிறகு அது வேண்டியிருக்கும்.

நேரமே இல்லை, அடுத்த வாரம் இன்டர்வியூ என்றால் ரெடிமேட்தான். ப்ரூக்ஃபீல்ட்ஸ், ஃபன் ரிபப்ளிக் போன்ற மால்களில் சீசன் முடிவுத் தள்ளுபடி நேரமாக அமைந்தால் அதிர்ஷ்டம். தோள் சரியாக உட்காருகிற சைஸை மட்டும் எடுங்கள். கை நீளம், இடுப்பு, பேன்ட் அடி மடிப்பு இவற்றை எந்த நல்ல ஆல்டரேஷன் கடையும் பார்த்துக்கொள்ளும். தோளைத் தொடுவது கோட்டையே பிரிப்பதற்குச் சமம், கோட்டின் நீளத்தைக் குறைத்தால் பாக்கெட் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். செட்டாக வரும் சூட்டில் மார்பு 40 என்றால் இடுப்பு பொதுவாக 34 என்று வைத்திருப்பார்கள். ஒல்லியான பையனுக்கும் தொப்பை விழுந்தவருக்கும் இது பொருந்தாது. கோட், பேன்ட் தனித்தனியாகச் சைஸ் எடுக்க விடும் கடையாகப் பாருங்கள்.

போடுவதற்கு முன் கைப்பகுதியில் தைத்திருக்கும் பிராண்ட் லேபிளையும், பின்பக்க வெட்டைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பெருக்கல் குறி நூலையும் பிரித்துவிடுங்கள். லேபிளோடு மேடை ஏறுகிற மாப்பிள்ளைகளை ஒவ்வொரு முகூர்த்தத்திலும் பார்க்கலாம். அடிப் பட்டனைப் போட வேண்டாம், உட்காரும்போது மேல் பட்டனையும் அவிழ்த்துவிடுங்கள். தேய்ப்பு வண்டியில் கொடுத்தால் மேலே ஈரத் துணி விரித்துத் தேய்க்கச் சொல்லுங்கள், கரிப்பெட்டி நேராகப் பட்டால் பாலியஸ்டர் பளபளத்துப் போகும். டிரை க்ளீனிங் வருடத்துக்கு ஓரிரு முறை போதும், மற்ற நாளில் பிரஷ் போட்டு, அகலமான ஹேங்கரில் மாட்டி, கம்பளி என்றால் பக்கத்தில் அந்துருண்டை.

மீதிக் காசைக் கடைசி முறை போட்டுப் பார்த்த பிறகே கொடுங்கள். கிளம்பும்போது மிஞ்சிய துணி, இரண்டு உபரி பட்டன், உங்கள் அளவு எழுதிய சீட்டின் ஒரு போட்டோ, இவற்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.