அனிமே சப்டைட்டல் வெட்டுப்படாமல் தெரிய வேண்டுமா?

பள்ளி விடுமுறை வந்தாலே எங்கள் செந்தூல் அடுக்குமாடியில் வீட்டுக்கு வீடு அனிமேதான். பேச்சு ஜப்பான் மொழியில் ஓட, பிள்ளைகள் நம்பியிருப்பது கீழே வரும் எழுத்தை. அது சரியாகத் தெரியவில்லை என்று புது டிவிக்குக் காசு எடுத்து வைக்காதீர்கள் தோழிகளே. கையில் இருக்கும் ரிமோட்டே பெரும்பாலும் போதும்.

1. எழுத்தின் அடிப்பாகம் வெட்டுப்படுகிறதா? படத்தின் ஓரத்தைக் கொஞ்சம் நறுக்கிக் காட்டும் பழக்கம் பழைய குழாய் டிவி காலத்திலிருந்து வருவது. 'பிக்சர் சைஸ்' பகுதிக்குப் போய் சாம்சங் என்றால் 'ஃபிட் டு ஸ்கிரீன்', எல்ஜி என்றால் 'ஜஸ்ட் ஸ்கேன்' வைத்துவிடுங்கள்.

2. 'டிராகன் பால் இசட்' (1989-1996), 'சைலர் மூன்' (1992) போன்ற பழைய தொடர்கள் 4:3 அளவில் வந்தவை. அகலத் திரையை நிரப்ப 'ஸூம்' போட்டால் உயரத்தில் கால் பங்கு போய்விடும், அதோடு எழுத்தும் போகும். இழுத்து விரித்தாலோ முகமெல்லாம் உப்பிப் போகும். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

3. பழைய விசிடியில் எழுத்து படத்தோடு ஒட்டியே வரும், நகர்த்த வழியில்லை. 4:3-இல் வைத்துப் பாருங்கள், அவ்வளவுதான்.

4. பென்டிரைவில் போட்டுப் பார்ப்பவர்கள் படக் கோப்புக்கும் எஸ்ஆர்டி எனும் சப்டைட்டல் கோப்புக்கும் ஒரே பெயர் வைத்து, ஒரே ஃபோல்டரில் போடுங்கள். பல டிவிகள் தாமாகவே எழுத்தை எடுத்துக்கொள்ளும்.

5. மடிக்கணினியை டிவியில் இணைத்து விஎல்சி பிளேயரில் பார்க்கிறீர்களா? வசனத்துக்கு முன்பே எழுத்து வந்தால் 'எச்' விசை, பிந்தி வந்தால் 'ஜி' விசை. ஒரு தட்டுக்கு 50 மில்லி விநாடி நகரும், 20 தட்டினால் ஒரு விநாடி.

6. ஆரம்பத்தில் சரியாக இருந்து போகப் போக விலகினால் 'எச்', 'ஜி' தட்டிப் பயனில்லை. படம் விநாடிக்கு 23.976 ஃபிரேம் வேகத்தில் ஓட, எழுத்துக் கோப்பு 25-க்குச் செய்ததாக இருக்கும். 24 நிமிட அத்தியாயம் முடிவதற்குள் எழுத்து ஏறக்குறைய ஒரு நிமிடம் முந்திவிடும். 'சப்டைட்டல் எடிட்' என்ற இலவச மென்பொருளில் இந்த வேகத்தை மாற்றிச் சேமித்தால் கோப்பு முழுதும் ஒரே தடவையில் சரியாகிவிடும். கணினி பழகிய பிள்ளையிடம் கொடுங்கள், சட்டென்று முடித்துத் தரும்.

7. டிவி தாழ்வான மேசையில் இருந்தால், முன்னால் பாயில் உட்காரும் சின்னதுகளின் தலை கீழ்வரியை மறைத்துவிடும். விஎல்சி அமைப்பில் சப்டைட்டல் பகுதிக்குப் போய், எழுத்தின் இடத்தைக் குறிக்கும் எண்ணைக் கூட்டுங்கள். வரி மேலே ஏறிவிடும், டிவிக்கு உயரமான மேசை வாங்கும் செலவு மிச்சம்.

8. பனிக் காட்சியில் வெள்ளை எழுத்து கரைந்துபோய் பாட்டி கண்ணைச் சுருக்குகிறாரா? நெட்ஃபிளிக்ஸ் கணக்கை உலாவியில் திறந்து, அவருடைய புரொஃபைலில் எழுத்தைப் பெரிதாக்கி, மஞ்சள் நிறமும் நிழலும் கொடுங்கள். 2020-இலிருந்து ஜிப்ளி படங்களும் அங்கே இருப்பதால் பேரப்பிள்ளைகளோடு அவரும் உட்கார்ந்து ரசிக்கலாம்.

9. தமிழ் எழுத்துக்குப் பதில் கேள்விக்குறிகள் வந்தால் கோப்பை நோட்பேடில் திறந்து, 'யுடிஎஃப்-8' என்று தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். அப்போதும் டிவி வெறும் கட்டங்களையே காட்டினால் அதில் தமிழ் எழுத்துரு இல்லை என்று பொருள். அந்தப் படத்தை மடிக்கணினியில் இருந்தே போட்டுவிடுங்கள்.

10. பசார் மாலாமில் திருட்டு டிஸ்க்குக்கு வெள்ளியை வீணாக்க வேண்டாம். யூடியூபில் மியூஸ் ஏசியா, அனி-ஒன் ஏசியா அலைவரிசைகள் உரிமத்தோடு பல தொடர்களை இலவசமாகவே தருகின்றன. எழுத்து தனியாக வரும் தொடர் என்றால் 'சிசி' பட்டனை அழுத்தி மொழியையும் அளவையும் மாற்றிக்கொள்ளலாம்.

உங்கள் வீட்டு டிவியில் இதைவிடச் சுலபமான வழி இருந்தால் மறக்காமல் எழுதி அனுப்புங்கள்.