தொலைபேசியின் மெமரிப் பொத்தான்கள்: கடைக்காரர்களுக்கு ஒரு பாடம்



காரைக்குடி வட்டாரத்தில் நம் கடைகள் பலவற்றில் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வயர் வைத்த தொலைபேசி இன்றும் இருக்கிறது. ஆனால் எண்கள் எல்லாம் முதலாளியின் செல்போனுக்குள் போய்விட்டன. அவர் கொள்முதலுக்காக மதுரைக்கோ விருதுநகருக்கோ போன நாளில், கடையில் இருப்பவருக்கு லாரி ஷெட் எண் தெரியாது. மொத்த வியாபாரியின் எண்ணும் தெரியாது. செல்போன் தொலைந்துவிட்டால் சொல்லவே வேண்டாம். இதற்குப் பரிகாரம் மேசை மேல் இருக்கும் கருவியிலேயே உண்டு. அதுதான் மெமரி வசதி.

இரண்டு வகை

எம்-1, எம்-2, எம்-3 என்று தனிப் பொத்தான்கள் இருந்தால், ஒரே அழுத்தில் எண் போய்விடும். இது முதல் வகை. மெமரி என்ற பொத்தானை அழுத்தி, பிறகு 0 முதல் 9 வரை ஓர் எண்ணை அழுத்துவது இரண்டாம் வகை. பல கருவிகளில் இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

பதியும் முறை

1. ரிசீவரை எடுத்து டயல் டோன் வருகிறதா என்று பார்க்கவும்.
2. ஸ்டோர் பொத்தானை அழுத்தவும்.
3. எண்ணை முழுவதும் அழுத்தவும்.
4. மறுபடி ஸ்டோர் அழுத்தவும்.
5. எந்த இடத்தில் பதிய வேண்டுமோ அந்தப் பொத்தானை அழுத்தி, ரிசீவரை வைக்கவும்.

மாடலுக்கு மாடல் இந்த வரிசை சற்று மாறும். கருவியோடு வந்த கையேட்டை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. பழைய எண்ணை அழிக்கத் தனி வேலை வேண்டியதில்லை. அதே இடத்தில் புது எண்ணைப் பதிந்தால் போதும்.

பூஜ்யத்தை மறக்க வேண்டாம்

2021 ஜனவரி 15 முதல், லேண்ட்லைனிலிருந்து செல்போனுக்குப் பேச முன்னால் 0 சேர்க்க வேண்டும் என்பது நாடு முழுவதும் விதி. அதற்கு முன் பதிந்த செல் எண்கள் மெமரியில் 10 இலக்கமாகவே கிடக்கும். பொத்தானை அழுத்தினால் இணைப்பு கிடைக்காது. கருவி பழுது என்று எண்ணிவிட வேண்டாம். 0 சேர்த்து மறுபடி பதியுங்கள்.

சரிபார்க்க எளிய கணக்கு ஒன்று உண்டு. செல்போனானாலும் வெளியூர் லேண்ட்லைனானாலும், 0-வையும் சேர்த்து மொத்தம் 11 இலக்கம் வரவேண்டும். தேவகோட்டைக்கு 04561, பிறகு 6 இலக்கம். மதுரைக்கு 0452, பிறகு 7 இலக்கம். சென்னைக்கு 044, பிறகு 8 இலக்கம். உள்ளூர் லேண்ட்லைனுக்கு 6 இலக்கம் மட்டும் போதும்.

இன்டர்காம் வைத்திருக்கும் மொத்தக் கடைகளில் வெளி லைன் எடுக்கும் எண்ணை முதலில் பதிந்து, பாஸ் பொத்தானை அழுத்தி, பிறகு எண்ணைப் பதிய வேண்டும். அந்தச் சிறு இடைவெளி இல்லாவிட்டால் முதல் இலக்கங்கள் விழாமல் போகும்.

எவற்றைப் பதியலாம்?

தனிப் பொத்தான்களில் முதலாளியின் செல், வீடு, லாரி ஷெட் ஆகியவற்றை வைக்கலாம். இரண்டாம் வகையில் பருப்பு, எண்ணெய், மளிகை மொத்த வியாபாரிகளையும் பக்கத்துக் கடையையும் வைக்கலாம். அவசரத்துக்கு 112, தீயணைப்புக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108. யுபிஐ மோசடியில் பணம் போனால் உடனே சொல்ல 1930. இவற்றுக்கு முன்னால் 0 கூடாது. பதிந்தது சரியா என்று பார்க்க அவசர எண்களைக் கூப்பிட்டுச் சோதிக்கக் கூடாது. திரை உள்ள கருவியில் எண்ணைக் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். மற்ற எண்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பேசிப் பாருங்கள். தவறாகப் பதிந்த எண், அழுத்தும்போதெல்லாம் தவறான இடத்துக்கே போகும்.

கவனிக்க வேண்டியவை

சில கருவிகளில் மெமரியைக் காப்பது உள்ளே இருக்கும் பேட்டரி. அது தீர்ந்தாலோ, லைனைக் கழற்றி வெகுநாள் வைத்தாலோ பதிந்தவை அழிந்துபோகலாம். ஆகவே எந்தப் பொத்தானில் யார் எண் என்பதை ஒரு தாளில் எழுதிக் கருவியின் பக்கத்தில் ஒட்டுங்கள். நகல் ஒன்று கணக்குப் புத்தகத்தில் இருக்கட்டும்.

செம்புக் கம்பி லைனில் தொலைபேசிக்கு வேண்டிய மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வரும். ஃபைபர் இணைப்புக்கு மாறியவர்களுக்கு அப்படியல்ல. கரண்ட் போனால் மோடமும் தொலைபேசியும் சேர்ந்து நிற்கும். மோடத்துக்கு ஒரு சிறு யுபிஎஸ் அவசியம். கருவியில் டோன், பல்ஸ் என்ற சுவிட்ச் இருந்தால் டோனில் வையுங்கள்.

கடைசியாக ஒன்று. பதிந்துவிட்டால் மட்டும் போதாது. கடைப்பையனையும், வீட்டில் பெரியவர்களையும் ஒருமுறை அழுத்திப் பழகச் சொல்லுங்கள். நாம் கடையில் இல்லாத நேரத்தில் அந்தப் பொத்தானை அழுத்தப்போகிறவர்கள் அவர்கள்தான்.