எக்ஸெல் பாடம்: ஆர்.வி.க்கு எத்தனை கேலன் ஆன்டிஃப்ரீஸ்?

அமெரிக்கா, கனடாவில் ஆர்.வி. எனப்படும் வீட்டு வண்டியைக் குளிர்காலத்தில் ஓட்டாமல் நிறுத்தி வைப்பார்கள். குழாயில் தங்கிய தண்ணீர் உறைந்தால் விரிந்து குழாயை உடைத்துவிடும். எனவே தண்ணீரை வடித்துவிட்டு, ஆர்.வி.க்கென்றே விற்கும் இளஞ்சிவப்பு ஆன்டிஃப்ரீஸைக் குழாய்களில் நிரப்புவார்கள். வாட்டர் ஹீட்டர் டேங்க்கை வடித்தாலே போதும். பைபாஸ் வால்வைத் திருப்பினால் ஆன்டிஃப்ரீஸ் ஹீட்டருக்குள் போகாமல் நேரே குழாய்களுக்குச் செல்லும்.

இதில் எவ்வளவு மிச்சம்? எக்ஸெலைத் திறந்து கணக்கிடுவோம்.

1. ஏ1 செல்லில் 'குழாய்கள்', பி1-ல் 3 என டைப் செய்யுங்கள் (உதாரணத்திற்கு 3 கேலன்).
2. ஏ2-வில் 'ஹீட்டர்', பி2-வில் 6 என டைப் செய்யுங்கள். பல வண்டிகளில் ஹீட்டர் 6 கேலன் கொள்ளும்.
3. பி3-ஐக் கிளிக் செய்து, ஆட்டோசம் பட்டனை அழுத்தி, என்டர் தட்டுங்கள். 9 என வரும்.
4. இப்போது பி2-வில் 0 என மாற்றுங்கள். பி3 தானாகவே 3 ஆகிவிடும். இதுதான் பைபாஸ் கணக்கு.

மிச்சம் 6 கேலன், அதாவது சுமார் 23 லிட்டர்!

கவனம்: ஹீட்டரை அணைத்து, நன்றாக ஆறவிட்டு, அழுத்தத்தை வெளியேற்றிய பிறகே வடிகால் மூடியைக் கழற்ற வேண்டும். குளிர்காலம் முடிந்ததும் பைபாஸ் வால்வைப் பழைய நிலைக்குத் திருப்பி, டேங்க்கில் தண்ணீர் நிரம்பிய பிறகே ஹீட்டரைப் போட வேண்டும். காலி டேங்க்கைச் சூடாக்கினால் ஹீட்டர் பழுதாகிவிடும்.