ரொயோமோன் மடம்

பிரெஞ்சு நாட்டின் தலைநகராகிய பாரிசு மாநகருக்கு வடக்கே, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், ரொயோமோன் என்னும் பழைய கிறித்தவத் துறவிமடம் உள்ளது. ‘அரசர்மலை’ என்பது அப்பெயரின் பொருள். அங்குச் செல்வோர் கண்ணைக் கவர்வது, துணையின்றித் தனித்து நிற்கும் ஒரு படிக்கட்டுக் கோபுரம். நூறு மீட்டருக்கும் மேற்பட்ட நீளமுடையதாய் விளங்கிய பெருங்கோயிலில் இன்று எஞ்சியிருப்பன அக்கோபுரமும் தூண்களின் அடிப்பகுதிகள் சிலவுமே. ஆனால், அதனை அடுத்துள்ள முற்றமும் உணவுக்கூடமும் துறவிகள் தங்கிய மாளிகையும் அழியாது நிற்கின்றன. கோயில் வீழ்ந்தும் மடம் பிழைத்தது எவ்வாறு என்பது அறியத்தக்க வரலாறாகும்.

1226-இல் காலமான எட்டாம் லூயி மன்னர், தம் செல்வத்தின் ஒரு பகுதியைக் கொண்டு மடமொன்று அமைக்குமாறு கூறிச் சென்றார். அவர் மைந்தர் ஒன்பதாம் லூயி, அன்னையார் பிளாஞ்சு அரசியின் துணையுடன் 1228-இல் அப்பணியைத் தொடங்கினார். அப்போது அவர் பதினான்கு வயதளவினரான இளைஞர். துறவியரோடு தாமும் கல் சுமந்தார் என்றும், பின்னாளில் அங்குத் தொழுநோயுற்றிருந்த துறவி ஒருவருக்குத் தம் கையாலேயே உணவூட்டினார் என்றும் அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். 1235-இல் கோயில் திருநிலைப்படுத்தப்பெற்றது. சிஸ்டர்சிய மரபைச் சேர்ந்த துறவியர் அங்கு வாழ்ந்தனர். இறைவழிபாடும் கைத்தொழிலும் அவர்தம் இரு கண்கள். அறிவுத்துறைப் பலவற்றையும் தொகுத்துப் பெருநூல் இயற்றிய வின்சென்ட் என்னும் அறிஞரும் அம்மடத்தில் பாடஞ்சொல்லும் பணியை ஏற்றிருந்தார்.

ஐந்து நூற்றாண்டுகள் கழிந்தன. 1789-இல் பிரெஞ்சுப் புரட்சி எழுந்தது. திருச்சபையின் உடைமைகள் யாவும் நாட்டின் உடைமைகளாக அறிவிக்கப்பட்டன. துறவியர் வெளியேறினர், 1791-இல் மடம் பிரபு ஒருவருக்கு விற்கப்பட்டது. அவர் அங்கே பருத்தி நூற்பாலை நிறுவ விழைந்தார். அவருக்குக் கோயில் தேவைப்படவில்லை. கோயிலின் கற்கள் தேவைப்பட்டன. 1792-இல் அப்பெருங்கோயில் இடித்து வீழ்த்தப்பட்டது. அதன் கற்கள் தொழிலாளர் குடியிருப்புகளுக்குச் சுவராயின. ஏனைய கட்டடங்களிலோ ஓடைநீரின் விசையால் இயந்திரங்கள் சுழன்றன. மணியோசை கேட்ட இடத்தில் ஆலையோசை கேட்டது. எனினும், ஆலைக்குக் கூரையும் சுவரும் வேண்டியிருந்தமையால் அக்கட்டடங்கள் இடிபடவில்லை. பயன் இல்லையெனக் கருதப்பட்டது அழிந்தது, பயன்பட்டது பிழைத்தது.

ஆலை மூடப்பட்ட பின், 1860-களில் மடம் மீண்டும் துறவியர் வசமாயிற்று. 1905-இல் அங்கிருந்த கன்னித்துறவியரும் அகல, குவேன் என்னும் குடும்பத்தார் அதனை விலைக்கு வாங்கினர்.

1914-இல் முதல் உலகப்போர் மூண்டது. எல்சி இங்கிலிசு என்னும் ஸ்காட்லாந்து நாட்டுப் பெண் மருத்துவர், பெண்களே நடத்தும் மருத்துவமனைகளை அமைத்துத் தருவதாகப் பிரித்தானியப் போர்த்துறைக்குத் தெரிவித்தார். பெண்டிரால் போர்க்களத்தருகே என்ன இயலும் என எண்ணிய அத்துறை அவர் உதவியை மறுத்தது. பிரெஞ்சு நாடு ஏற்றுக்கொண்டது. அவ்வாண்டின் இறுதியில் ரொயோமோனை வந்தடைந்த பெண்கள் கண்டது, நெடுநாள் பூட்டிக்கிடந்த குளிர்மிகுந்த கட்டடத்தையே. மின்விளக்கு இல்லை, போதிய நீர்வசதியும் இல்லை. அவர்கள் தாமே கூட்டினர், கழுவினர், நீர் சுமந்தனர். முதலில் மருத்துவமனைக்கு இசைவு தர மறுத்த அதிகாரிகள், 1915 சனவரியில் இசைந்தனர். பிரான்சிசு ஐவன்சு அம்மையாரின் தலைமையில் 1919 வரை அம்மருத்துவமனை இயங்கியது. 1916-இல் நிகழ்ந்த சோம் ஆற்றுப் போரின்போது, அறுவை மருத்துவர்கள் இரவு பகலாக உறக்கமின்றி உழைத்தனர். அங்கு மருத்துவம் பெற்றோர் பதினாயிரவருக்கும் மேலாவர். துறவியர் உண்ட கூடத்தில் காயமுற்ற வீரர்கள் கண்ணயர்ந்தனர். அரசர் ஒருவர் நோயாளிக்கு உணவூட்டிய இடம் அன்றோ அது!

போர் முடிந்த பின், குவேன் குடும்பத்து ஆன்றி என்பார் மடத்தைச் செல்வரின் இன்பமாளிகையாக்க எண்ணவில்லை. பொருள்வசதியற்ற கலைஞரும் எழுத்தாளரும் அமைதியாகத் தங்கிப் பணிபுரியுமாறு 1930-களின் இறுதியில் அதன் கதவுகளைத் திறந்துவிட்டார். 1964-இல் அவரும் அவர் துணைவியார் இசபெல் அம்மையாரும் அதனைப் பண்பாட்டுப் பணிக்குரிய அறநிலையமாக்கினர். உணவுக்கூடம் இசையரங்காயிற்று. இளம் பாடகர்க்கும் நடனக் கலைஞர்க்கும் மடம் பயிற்சிக்களமாயிற்று. அறிஞர்களும் அங்குக் கூடினர். குழந்தைக்கு மொழியறிவு பிறவியிலேயே அமைவதா, வளர்ச்சியில் வாய்ப்பதா என்பது குறித்து மொழியியலறிஞர் நோம் சோம்சுகியும் உளவியலறிஞர் பியாசேயும் 1975-இல் அங்கேதான் சொற்போர் நிகழ்த்தினர்.

வழிபாடு, தொழில், மருத்துவம், கலை என ரொயோமோன் ஏற்ற கோலங்கள் பல. பழங்கட்டடங்களைப் போற்றுதல் என்பது அவற்றைப் பூட்டி வைத்தல் அன்று. தகுந்த பணிக்கு உரியவையாக்குதலே ஆகும். அதனை உணராத காலம் ஒரு கோயிலை இடித்தது. இடித்த கோயிலை எக்காலமும் மீட்க இயலவில்லை என்பதைத் தனித்து நிற்கும் அக்கோபுரம் இன்றும் நினைவூட்டுகின்றது.